என் முதல் கட்டுரை அச்சேறிய கதை

2004-இல் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிந்தேன். முதல் கட்டுரை அச்சில் வந்தது 2010-இல். நடுவில் போன ஆறு வருடங்களில் என்ன நடந்தது என்று, பொருளாதாரத்தில் மேலே படிக்க நினைக்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். பன்னாட்டு வணிகமும் வெளிநாட்டு முதலீடும் என் துறை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் வளர்ந்தவள் நான். பெரியம்மா பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லில் இணைக்கும் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கினால், தேநீர் ஆறிப்போகும் வரை கண்ணை மூடியபடி உட்கார்ந்திருப்பார். 1972-இல் அங்கே ஃப்ரீ டிரேட் ஸோன், அதாவது ஏற்றுமதிக்கான வரிவிலக்கு மண்டலம், வந்தது, அதே வருடம் இன்டெல் வந்தது, ஏஎம்டி, ஹிட்டாச்சி, போஷ் என்று மற்றவர்களும் வந்தார்கள் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. எனக்கு முதலில் தெரிந்தது அந்தக் கண்கள்தான். இத்தனை கம்பெனிகள் ஏன் இங்கே வந்தன, வந்ததால் எது எங்கே போகிறது என்ற கேள்வி வீட்டிலேயே இருந்தது.

ஆய்வுக் கேள்வியாக அதைச் சுருக்கியபோது இப்படி ஆனது: ஒரு நாட்டிலிருந்து முதலீடு வந்தால் அந்த நாட்டோடு நமக்கு உள்ள வணிகம் கூடுமா, குறையுமா? பொருளாதார அறிஞர் ராபர்ட் மண்டெல் 1957-இல் எழுதிய கட்டுரையின் வழியில் போனால், முதலீடு வணிகத்துக்கு மாற்று. இறக்குமதிக்கு வரி போட்டால் கம்பெனிக்காரன் சரக்கை அனுப்பாமல் ஃபேக்டரியையே அனுப்பிவிடுவான். ஆனால் பினாங்கில் நடந்தது அதுவல்ல. இங்கே வந்த ஃபேக்டரிகள் இங்கே விற்க வரவில்லை. பாதி வேலை முடிந்த பொருள் வரும், இங்கே பொருத்திச் சோதித்து மறுபடி வெளியே போகும். அப்படியானால் இரண்டும் சேர்ந்தே வளர வேண்டும். அதை எண்ணால் காட்ட வேண்டும்.

கருவி கையில் இருந்தது. பொருளாதார அறிஞர் யான் டின்பெர்கன் 1962-இல் வணிகத்துக்குப் பயன்படுத்திய ஈர்ப்பு மாதிரி. இரு நாடுகளின் பொருளாதாரம் பெரிதாக இருந்தால் வணிகம் கூடும், தூரம் அதிகமானால் குறையும். அதில் முதலீட்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் திட்டம். ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் சிக்கல் முதலீட்டுக் கணக்கில் வந்தது. மலேசிய அரசின் முதலீட்டு வாரியமான மிடா வெளியிடுவது அனுமதி கொடுத்த முதலீடு. பத்திரிகையில் பெரிய எழுத்தில் வருவது அந்த எண்தான். அனுமதி கிடைத்த திட்டம் அடுத்த வருடம் வரலாம், மூன்று வருடம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். உண்மையில் வந்தது எவ்வளவு என்பது நாட்டின் அயல்நாட்டுக் கொடுக்கல் வாங்கல் கணக்கில் இருக்கிறது. அதிலும் இன்னொன்று உண்டு: இங்கே சம்பாதித்த லாபத்தை எடுத்துப்போகாமல் இங்கேயே போட்டால் அதுவும் வெளிநாட்டு முதலீடு. கடல் தாண்டி ஒரு காசு வந்திருக்காது. அனுமதி கொடுத்ததையும் உண்மையில் வந்ததையும் ஒன்றென்று நினைத்துத்தான் என் முதல் அட்டவணையைப் போட்டிருந்தேன். மூன்று மாத வேலை, அப்படியே கிழித்தேன். விவரமான தரவு கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர ஏழு மாதம் ஆனது, வந்தபோது நான் கேட்ட பிரிவு அதில் இல்லை.

நாணய மதிப்பு இன்னொரு தலைவலி. 1998 செப்டம்பரிலிருந்து 2005 ஜூலை வரை ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டி வைத்திருந்தார்கள். கிட்டத்தட்ட ஏழு வருடம் ஒரே எண். மாறாத ஒன்றின் விளைவை எந்தக் கணக்காலும் அளக்க முடியாது.

சரி, அதையெல்லாம் தாண்டி வந்த பிறகுதான் சிங்கப்பூர் வழியை மறித்தது. நம் ஏற்றுமதிப் பதிவில் சிங்கப்பூருக்குப் போகும் சில்லுகள் மலைபோல் இருந்தன. அமெரிக்காவின் இறக்குமதிப் பதிவிலோ, நாம் அனுப்பியதாகச் சொல்வதைவிட அதிகமாக நம் சரக்கு இருந்தது. கப்பல் கூலி, காப்புறுதியைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி மூடவில்லை. நான்கு மாதம் என் கணினி நிரலில்தான் தவறு என்று தேடிக்கொண்டிருந்தேன்.

விடை பக்கத்து வீட்டில் இருந்தது. அந்த வீட்டு அண்ணன், சரக்கு அனுப்பும் வேலையைச் செய்துகொடுக்கும் ஃபார்வர்டிங் கம்பெனியில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர். ஒரு சனிக்கிழமை விமானச் சரக்குக் கொட்டகைக்குப் பக்கத்தில் உள்ள அவர் ஆபீசுக்குப் போனேன். பழைய கோப்பிலிருந்து ஒரு கே2 பாரத்தை, அதுதான் ஏற்றுமதிக்கு நிரப்பும் சுங்கப் படிவம், எடுத்து மேசையில் வைத்தார். சரக்கு எண் 8542 என்று தொடங்கியது, ஐசி சில்லுகள். போய்ச் சேரும் நாடு: சிங்கப்பூர்.

"அண்ணே, இது சிங்கப்பூர்ல யாருக்கு?"

"சிங்கப்பூர்ல யாருக்கும் இல்ல தங்கச்சி. அங்க அவங்க வேர்ஹவுஸ் இருக்கு. பிரிச்சு மறுபடி ஏத்திடுவாங்க. அப்புறம் எங்க போவுதுன்னு இன்வாய்ஸ்ல இருக்காது. இன்வாய்ஸ்ல உள்ளதைத்தான் நான் எழுத முடியும்."

அவர் விரல் அந்தக் கட்டத்தின் மேலேயே இருந்தது. அவர் தவறாக எதுவும் எழுதவில்லை. தனக்குத் தெரிந்த கடைசி முகவரியை எழுதினார். இறக்குமதி செய்யும் நாடு சரக்கு எங்கே உருவானது என்று பார்த்துப் பதிகிறது. அதனால்தான் இரண்டு கணக்கும் ஒட்டவில்லை. அன்று இரவே முடிவு செய்தேன்: நம் ஏற்றுமதிப் பதிவை விட்டுவிட்டு, வாங்கும் நாடுகளின் இறக்குமதிப் பதிவை எடுப்பது என்று.

பணமும் அப்படியே என்பது மறுவாரம் உறைத்தது. தலைமையகம் ஒரு நாட்டில், பணம் வருவது வேறொரு நாட்டில் பதிந்த கிளைக் கம்பெனி வழியாக. புள்ளிவிவரம் கடைசியாகக் கைமாற்றிய நாட்டின் பெயரைத்தான் எழுதும். இதற்குக் குறுக்குவழி இல்லை. கம்பெனிப் பதிவேட்டில் காசு கட்டிப் பங்குதாரர் விவரம் வாங்கி, ஆண்டறிக்கைகளைப் பிரித்து, ஒவ்வொரு ஃபேக்டரிக்கும் மேலே யார், அதற்கு மேலே யார் என்று ஏறிக்கொண்டே போனேன். பதினான்கு மாதம். ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த காலம் அதுதான், இன்றைக்கும்.

2008-இல் வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. முதலீட்டாளரின் நாட்டை ஏன் மாற்றினாய் என்று கேட்டார்கள். நம் கல்யாண வீடுகளில் பெரியவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள் என்றேன். எந்த ஊர் என்பது ஒன்று, அதற்குப் பட்டர்வொர்த் என்பேன். சொந்த ஊர் எது என்பது இன்னொன்று, அதற்குத் தாத்தா கப்பலேறிய ஊரைச் சொல்வேன். முதல் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு என் குடும்ப வரலாற்றை எழுத முடியாது. தேர்வாளர்களில் ஒருவர் மலாய்க்காரர். "எங்களுக்கும் கம்போங் (சொந்த ஊர்) எது என்றுதான் கேட்பார்கள்" என்றார். அதன் பிறகு கேள்விகள் இலகுவாயின.

ஆய்வேடு தேறியது, கட்டுரை தேறவில்லை. முதல் இதழ் நான்கு வரியில் திருப்பி அனுப்பியது. இரண்டாவது இதழின் மதிப்பீட்டாளர் ஐந்து பக்கம் எழுதினார். வணிகமே இல்லாத நாடுகளை, அதாவது பூஜ்யங்களை, என்ன செய்தாய் என்பது அவர் முதல் கேள்வி. இந்த மாதிரியில் எண்களுக்கு மடக்கை (லாக்) எடுத்துத்தான் கணக்கிடுவார்கள், பூஜ்யத்துக்கு அதை எடுக்க முடியாது என்பதால் எல்லாரையும் போல நானும் அவற்றை விட்டிருந்தேன். சாந்தோஸ் சில்வா, தென்ரெய்ரோ என்ற பொருளாதார அறிஞர்கள் 2006-இல் காட்டிய பாய்சான் என்ற புள்ளியியல் முறையில் பூஜ்யங்களும் கணக்கில் நிற்கும், மடக்கை எடுப்பதால் வரும் பிழையும் நீங்கும் என்று எழுதியிருந்தார். படித்ததும் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அவர் சொன்னது முழுக்கச் சரி. எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். தூரத்தின் விளைவு நான் முன்பு எழுதியதைவிடச் சிறிதானது. முதலீடும் வணிகமும் சேர்ந்தே போகின்றன என்பது நின்றது. அந்தப் பெயர் தெரியாத மனிதருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது என் ஆய்வு மாணவர்களை முதல் மாதத்திலேயே அந்தச் சரக்குக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போகிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் இடத்தில் இருப்பவர் திரையில் காட்டுகிறார். போன முறை ஒரு மாணவி, அந்தச் சரக்கின் மதிப்பில் நாம் இங்கே சேர்த்தது எவ்வளவு என்று கேட்டாள். சில்லுகள் பதிந்த சிலிக்கான் தகடான வேஃபர் வெளியிலிருந்து வருகிறது, பொருத்துவதும் சோதிப்பதும் இங்கே, ஆனால் ஏற்றுமதிக் கணக்கில் முழு மதிப்பும் நம் பெயரில் ஏறுகிறது. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியும் உலக வணிக அமைப்பும் 2013-இல் இதற்கென்றே ஒரு தரவுத்தளம் தொடங்கின. நாடு அளவில் அது போதும். அவளுக்கு வேண்டியது பாயான் லெப்பாஸ் அளவில். கம்பெனிப் பதிவேட்டுக்கு எப்படி எழுதுவது என்று கேட்டாள். என் பழைய கடிதத்தின் நகலைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.