அவசரத்தில் எழுந்த சுவர்கள்

கான்கிரீட் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. பாலம், கார் நிறுத்தும் அடுக்குமாடி, தண்ணீர்த் தொட்டி என்று எந்த சைட்டுக்குப் போனாலும் வேலை ஒன்றுதான்: குறையைத் தேடிப் பிடிப்பது, பிறகு அது இருந்த சுவடே தெரியாமல் சரிசெய்வது. தெற்கு இங்கிலாந்தில் கென்னட் - ஏவன் கால்வாய்க் கரையில், 1940-இல் கட்டிய பில்பாக்ஸ்களைப் பராமரிக்கும் தன்னார்வலர்களோடு சேர்ந்த பிறகு, அந்த இரண்டாவது பாதியை நிறுத்தப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பில்பாக்ஸ் என்றால் உள்ளே நின்று சுடுவதற்கான சின்னக் காவல் அறை. பெரும்பாலும் அறுகோணம். பக்கத்துக்கு ஒரு சுடுதுளை, பின்னால் குனிந்து நுழையும் வாசல். நடுவில் ஒரு குறுக்குச் சுவர் இருக்கும். துளை வழியே குண்டு உள்ளே வந்துவிட்டால் அது சுவருக்குச் சுவர் தெறித்து எல்லாரையும் பதம் பார்க்காமல் தடுப்பதற்கு அது.

இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூன் தொடக்கத்தில் பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையிலிருந்து சுமார் 3,38,000 வீரர்களை மீட்டு வந்துவிட்டார்கள். ஆனால் டாங்கி, பீரங்கி, லாரியெல்லாம் பிரான்ஸிலேயே கிடந்தன. ஜெர்மானியர்கள் கடல் தாண்டி வந்தால் தடுக்கக் கையில் பெரிதாக ஒன்றுமில்லை. உள்நாட்டுப் படைகளுக்குத் தலைமை வகித்த எட்மண்ட் அயர்ன்சைட், நாட்டுக்குள்ளே அடுக்கடுக்காகத் தடுப்புக்கோடுகள் போடச் சொன்னார். ஆறும் கால்வாயும் எங்கெல்லாம் இருந்தனவோ, அவற்றையே டாங்கிகளுக்கு அகழியாக்குவது திட்டம். சரக்குப் படகுக்காக 1810-இல் வெட்டி முடித்த இந்தக் கால்வாய் அப்படித்தான் காவல் எல்லையானது. எதிரி தெற்கிலிருந்து வருவான் என்ற கணக்கில் பில்பாக்ஸ்கள் பெரும்பாலும் வடகரையில் நிற்கின்றன. ஜூலையிலேயே அயர்ன்சைட் போய் ஆலன் புரூக் வந்துவிட்டார். அவருக்கு நிலையான கோடுகளில் நம்பிக்கை குறைவு, நகர்ந்து தாக்கும் படையைத்தான் நம்பினார். நாடு முழுக்க இப்படி ஏறத்தாழ 28,000 தற்காப்புக் கட்டுமானங்கள் எழுந்தன என்கிறார்கள். அவற்றில் நிலைத்திருப்பவை ஆறாயிரத்துச் சொச்சம்.

இங்கே வேலை பார்க்கும்போது என்னைப் பிடித்து இழுப்பது அந்த அவசரம்தான். வரைபடம் ராணுவத்தின் கட்டுமானப் பிரிவிலிருந்து வந்தது, கட்டியது உள்ளூர் ஒப்பந்ததாரர்கள். மரப்பலகைக்குத் தட்டுப்பாடு. அதனால் வெளிப்பக்கம் செங்கல் சுவரை எழுப்பி, அதையே சென்ட்ரிங்காக வைத்துக்கொண்டு உள்ளே கான்கிரீட் கொட்டினார்கள். பலகையானால் பிரித்து எடுக்கலாம். செங்கல் அப்படியே நின்றுவிட்டது. இன்று கால்வாய்க் கரையில் நடப்பவர்கள் செங்கல் கட்டடம் என்று நினைத்துக் கடந்துபோவது இதனால்தான்.

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் கூரையில் அலையலையாகத் தகர அச்சு. சுவரின் அடிப்பகுதியில் கலவை இறங்காமல் ஜல்லி தனித்தனியாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. என் சைட்டில் இப்படி ஹனிகோம்ப் விழுந்தால் உடைத்து மறுபடி போடச் சொல்லியிருப்பேன். இங்கே கையால் தடவிப் பார்க்கும்போது, எதிரி எந்த வாரம் வருவான் என்று தெரியாமல் குத்திக் குத்திக் கலவையை இறக்கிய ஆட்கள் நினைவுக்கு வருகிறார்கள். உதிர்ந்து கிடந்த துண்டு ஒன்றை உடைத்து, புதிய முகத்தில் பினால்ப்தலீன் தெளித்தேன். பள்ளி ஆய்வகத்தில் நாம் பார்த்த அதே திரவம்தான். நடுப்பகுதி பளிச்சென்று ரோஸ் நிறமானது, வெளி ஓரம் நிறமே மாறவில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே போன ஆழம் வரை கான்கிரீட்டின் காரத்தன்மை போய்விட்டது என்று அர்த்தம். அந்த எல்லை கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும், துரு உப்பும், கான்கிரீட் பெயரும். அந்த இடங்களை மட்டும் சரிசெய்ய வேண்டும் என்பது என் வாதம். ஜல்லி தெரியும் இடத்தைப் பூசி மெழுகக் கூடாது.

இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்றையாவது புதுசு போலக் காட்ட வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் பூசிவிட்டால் அது எந்த வருடத்துக் கட்டடம் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர் இருக்கிறார். ஒரு பில்பாக்ஸைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இந்த மூணு பக்கமும் தொழில் தெரிஞ்சவன் வேலை. அந்தப் பக்கம் பாருங்க, மூட்டு ஒண்ணு அரை இஞ்ச், ஒண்ணு ஒரு இஞ்ச். கைக்குக் கிடைச்ச ஆளை வெச்சுக் கட்டியிருக்காங்க" என்றார். அந்தக் கோணல் வரிசையில் உதிர்ந்த மூட்டுக்கு அவரே பாயின்டிங் செய்தார், அதே கோணலோடு. கலவையையும் மென்மையாகத்தான் போட்டார். செங்கல்லை விடக் கலவை கெட்டியாக இருந்தால் ஈரம் செங்கல் வழியே வெளியேறப் பார்க்கும், குளிர்காலத்தில் அது உறைந்து செங்கல்லின் முகத்தையே உரித்துவிடும்.

ஐவி கொடியைப் பிய்த்து எடுப்பதில்லை. அடித்தண்டை ரம்பத்தால் அறுத்துவிட்டுக் காயும்வரை காத்திருப்போம். பச்சையாக இழுத்தால் வேரோடு செங்கல்லும் வரும். பறவைகள் கூடு கட்டும் வசந்தத்திலும் கோடையிலும் செடிகொடியில் கை வைக்கக் கூடாது. வௌவால்கள் உறங்கும் குளிர்காலத்தில் உள்ளே போகக் கூடாது, சட்டமே அவற்றைப் பாதுகாக்கிறது. ஆக வெளிவேலைக்கு ஒரு பருவம், உள்வேலைக்கு வேறொரு பருவம். இந்தப் பொறுமை இங்குள்ளவர்களுக்குப் பழகிப்போனது. இந்தக் கால்வாயே 1950-களில் கைவிடப்பட்டு, தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகள் சேறு அள்ளி, மதகு சரிசெய்து, 1990-இல்தான் முழுசாகத் திறந்தது. ராணி எலிசபெத் வந்து திறந்துவைத்தார். அந்தத் தலைமுறையில் சிலர் இன்னும் எங்களோடு வருகிறார்கள். எனக்கு இதில் பெருமை.

இப்போது ஒரு பில்பாக்ஸை வௌவால்களுக்கே விட்டுவிடலாமா என்று பேச்சு நடக்கிறது. சுடுதுளைகளை அடைத்து, மேலே ஒரு இடுக்கு மட்டும் விட்டு, வாசலுக்குக் கம்பிக் கிராதி போட வேண்டும். என் வோட்டு வௌவால் பக்கம். உள்ளே குளிர்ச்சி அதிகம் மாறாது, ஈரமும் இருக்கும், அவற்றுக்குப் பொருத்தமான இடம். பூட்டிவிட்டால் உள்ளே தீ மூட்டுகிறவர்களின் தொல்லையும் ஒழியும். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: அடைக்கும் செங்கல் பழைய சுவரோடு பிணையக் கூடாது, பின்னால் வருகிறவர்கள் வேண்டுமென்றால் ஒரே நாளில் பிரித்து எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உரியவர்கள் அனுமதி கொடுத்தால் கோடையில் கலவை போடுவது நான்தான். சுண்ணாம்பும் மணலும் மட்டும், சிமென்ட் ஒரு கைப்பிடி கூடக் கிடையாது.