மேல் தணலில் முறுகிய உருளைக்கிழங்கு

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பந்தியில் நெய்ச்சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, நண்டு மசாலா, பாறை மீன் வறுவல் ஆகியவற்றோடு ஒரு சட்டி உருளைக்கிழங்கும் ஒன்பது ஆண்டுகளாக இடம்பெற்று வருகிறது. மெல்லிய வில்லைகளாக அரிந்த கிழங்கைப் பாலில் வேகவைத்து, சீஸ் கலந்து, மேற்புறம் பொன்னிறமாக முறுகும்வரை சுட்டெடுக்கும் தொடுகறி அது. சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த என் அண்ணன், ஒரு டிசம்பர் விடுப்பில் வந்தபோது கற்றுக்கொடுத்தார். அன்று அவர் சொன்ன அளவுகளை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிவைத்தேன். அவற்றில் வெண்ணெயின் அளவைத் தவிர மற்ற எல்லாமே இந்த ஊருக்கும் என் அடுப்புக்கும் ஏற்றபடி மாறிவிட்டன. அந்த மாற்றங்களின் காரணங்களை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

அண்ணன் இதைக் ‘கேசரோல்’ என்றார். எங்கள் வீடுகளில் கேசரோல் என்றால் இட்லியோ சப்பாத்தியோ ஆறாமல் இருக்க மூடிவைக்கும் ஹாட் பாக்ஸ்தான் என்பதால், அம்மா அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி வைத்துவிட்டார். உண்மையில் அந்தச் சொல் பாத்திரத்தையும் குறிக்கும், அதில் சமைத்த பண்டத்தையும் குறிக்கும். இதே வகைப் பண்டத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கிராட்டின்’ என்பார்கள். சுரண்டுதல் என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து பிறந்த சொல் அது. பால்கோவா கிண்டிய சட்டியின் காந்தலைச் சுரண்டுவதற்கு நாங்கள் சிறுவயதில் போட்ட சண்டைகளை நினைக்கும்போது, இந்த இரண்டாவது பெயரே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

பிரான்சின் தோஃபினே பகுதியில் 1788ஆம் ஆண்டு விருந்தொன்றில் பரிமாறப்பட்டதாகக் குறிப்புள்ள பழைய கிராட்டினில், கிழங்கும் பாலேடும் பூண்டும்தான் உண்டு. மரபுப்படி அதில் சீஸ் கிடையாது. சீஸைத் தாராளமாகச் சேர்ப்பது அமெரிக்கப் பண்டிகைப் பந்திகளின் வழக்கம். அங்கே யூட்டா மாநிலத்து மோர்மன் கிறிஸ்தவர்கள், துக்க வீட்டுக்குச் சமைத்து எடுத்துச் செல்லும் இந்தப் பண்டத்தை இறுதிச்சடங்கு உருளைக்கிழங்கு என்ற பெயரிலேயே அழைக்கிறார்கள். மேலே கார்ன்ஃபிளேக்ஸை நொறுக்கித் தூவுவதும் அவர்களுடைய முறைதான். துக்க வீட்டில் அடுப்பு மூட்டாத நாளில் சோறும் குழம்பும் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊரில் பிறந்தவள் என்பதால், அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. கார்ன்ஃபிளேக்ஸுக்குப் பதிலாக நான் ரஸ்க்கை உடைத்துத் தூவுகிறேன். அது கடைத்தெருவில் எப்போதும் கிடைக்கிறது, எளிதில் நமத்தும் போவதில்லை.

அண்ணன் கப்பலுக்குத் திரும்பிய பின், அடுத்த ஆண்டு நான் தனியாகச் செய்தபோது பண்டம் முழுவதும் வீணாயிற்று. அவர் குறிப்பில் புளித்த பாலேடு இருந்தது. அது இங்கே கிடைக்காததால், துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரைப் பாலுடன் கலந்து, பச்சைக் கிழங்கு வில்லைகளின் மேல் ஊற்றிச் சுட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது பால் திரிந்து நீர் தனியாகவும் திப்பி தனியாகவும் கிடந்தது. கிழங்கோ கத்திக்கு நறுக்கென்று எதிர்த்து நின்றது. பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அடுப்பங்கரையில் நின்று அழுதேன். அம்மாச்சி வந்து சட்டிக்குள் பார்த்துவிட்டு, “ஏத்தா, புளிப்பு விழுந்தப்புறம் கெழங்கு எங்கிட்டு வேகும்?” என்று கேட்டார்.

புளிக்குழம்பு வைக்கும்போது காய் வெந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. காயின் உயிரணுச் சுவர்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் காய் மெத்தென்று ஆகும். புளிப்பு அதைக் கரையவிடாமல் பிடித்துவைக்கும். குழம்பில் நாள்தோறும் கடைப்பிடித்த அந்த விதி, வேற்று நாட்டுப் பண்டம் என்றதும் என் நினைவுக்கே வரவில்லை. அன்று முதல் இந்தச் சட்டியில் தயிர் சேர்ப்பதில்லை.

இனி கிழங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிசம்பரில் வடக்கேயிருந்து புதுக் கிழங்கு வரத் தொடங்கிவிடுவதால், கடையில் பழையதும் புதியதும் கலந்தே கிடக்கும். கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரிந்தால் அது புதுக் கிழங்கு. அதில் நீர் அதிகம், மாவு குறைவு, எவ்வளவு வெந்தாலும் வில்லை உடையாமல் நிற்கும். தோல் தடித்து, அரியும்போது கத்தியில் வெண்மையாக மாவு படிந்தால் அது பழைய கிழங்கு, அது குழைந்துபோகும். முழுவதும் புதியதாக இருந்தால் பால் கெட்டிப்படாது, முழுவதும் பழையதாக இருந்தால் மசியலாகிவிடும் என்பதால், ஒரு கிலோவில் முக்கால் பங்கு பழையதும் கால் பங்கு புதியதுமாக எடுத்துக்கொள்கிறேன். பச்சை ஏறிய கிழங்கையும் முளைவிட்டதையும் ஒதுக்கிவிட வேண்டும்.

இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் இருக்கும் கனத்தில், ஏறத்தாழ 3 மில்லிமீட்டரில், வில்லைகளை அரிய வேண்டும். சிப்ஸுக்கு அரிபவர்கள் மாவு போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவார்கள்; இதற்கு ஒருமுறைகூட அலசக்கூடாது. கிழங்கை முன்பே கழுவித் தோல் சீவிவிட்டு, அரிந்ததும் காற்றுப்பட்டுக் கறுப்பதற்குள், முக்கால் லிட்டர் கொழுப்பு நீக்காத பாலில் நேராகப் போட்டுவிட வேண்டும். அத்துடன் உப்பும் தட்டிய பூண்டு ஆறு பல்லும் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூளும் சேர்த்து, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால், வில்லைகளிலிருந்து இறங்கும் மாவே பாலைக் கூழ்ப்பதத்துக்குக் கொண்டுவரும். கரண்டியை விட்டு எடுத்து, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அண்ணன் கொடுத்த குறிப்பில் மைதாவை 50 கிராம் வெண்ணெயில் வறுத்துப் பால் சேர்க்கும் முறை இருந்தது. மைதாவை விட்டுவிட்டு, அதே வெண்ணெயில் இரண்டு பெரிய வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கிச் சேர்க்கிறேன். கிழங்கே போதிய மாவு தரும்போது இன்னொரு மாவு எதற்கு?

சீஸ் 150 கிராம் போதும். இதில் பலரும் என்னோடு மாறுபடுவார்கள் என்று தெரியும். ஆனால் அரைக் கிலோ சீஸ் கொட்டிய சட்டியில் இரண்டாவது கரண்டிக்கு மேல் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 100 கிராம் சாதாரண அமுல் கட்டிச் சீஸைத் துருவிப் பாலில் சேர்க்கிறேன். பதப்படுத்திய சீஸில் சேர்த்திருக்கும் உப்புகள் கொழுப்பையும் புரதத்தையும் பிரியவிடாமல் பிடித்து நிற்பதால், அது எண்ணெய் கக்காமல் சீராக உருகும். அப்படியிருந்தும் அடுப்பிலிருந்து இறக்கிக் கொதி அடங்கிய பிறகே அதைச் சேர்ப்பது நல்லது. மீதி 50 கிராம் மொசரெல்லா. அது மேலே தூவுவதற்கு மட்டும். துருவியே விற்கும் பொட்டலங்களில் ஒட்டாமலிருக்க மாவு பூசியிருப்பார்கள் என்பதால் கட்டியாக வாங்கித் துருவிக்கொள்கிறேன். சீஸில் ஏற்கெனவே உப்பு உண்டு என்பதை மறந்து பாலில் கைதாராளமாக உப்புப் போட்டுவிடக் கூடாது.

மிளகாயைப் பொறுத்தவரை எனக்கு வேறு எண்ணமே வந்ததில்லை. பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்தில் விளையும் குண்டு மிளகாய்க்கு, ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில், 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த தோலும் உருண்டை வடிவும் கொண்ட அந்த மிளகாயில் ஐந்தை எடுத்து, விதை நீக்கி, வெறும் சட்டியில் லேசாக வறுத்து, உரலில் ஒன்றிரண்டாக இடித்துக் கிழங்கு அடுக்குகளுக்கு இடையில் தூவுகிறேன். பாலும் சீஸும் நாக்கில் பூசிக்கொள்ளும் வழவழப்பை அந்தக் காரம் நடுவே புகுந்து துடைத்துவிடும்.

எங்கள் வீட்டில் ஓவன் எனப்படும் மின் அடுப்பு இல்லை. இருந்தாலும் மழைக்கால டிசம்பரில் மின்சாரத்தை நம்பிப் பந்திக்குச் சமைக்க முடியாது. சுடும் முறையை அம்மாச்சியிடம்தான் கற்றேன். சட்டியின் மூடிமேல் தணலைக் கொட்டி கேக் சுடும் பழக்கம் அவருக்குத் தனுஷ்கோடியில் இருந்த நாளிலிருந்தே உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அந்த ஊரை அழித்தபோது, பாம்பனில் உறவினர் வீட்டுக்கு வந்திருந்ததால் உயிர் தப்பியவர் அவர். அதனால் எங்கள் வீட்டில் 22ஆம் தேதி இரவு செபம் முடியும்வரை பண்டிகைப் பலகாரம் எதற்கும் அடுப்பு மூட்டுவதில்லை. 23ஆம் தேதி காலையில் தணலுக்கான கரியை அம்மாச்சியே பொறுக்கி வைப்பார். எங்கள் மாவட்டத்தில் சீமைக் கருவேலங்கரிக்குப் பஞ்சமே இல்லை. கையில் எடுத்துத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் துண்டுகளை மட்டும் தனியாக வைப்பார், ஏனென்றால் அரைகுறையாக வெந்த கரி புகைந்து பண்டத்தில் வாடை ஏற்றிவிடும்.

அகலமான இரும்புச் சட்டியில் சலித்த ஆற்றுமணலை இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி நன்றாகச் சூடேற்றுகிறேன். கடற்கரை மணலைப் பயன்படுத்தக்கூடாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மணலின் மேல் இரும்பு வளையம் வைத்து, வெண்ணெய் தடவிய அலுமினியப் பாத்திரத்தில் கிழங்கை அடுக்கி இறக்கி, தட்டையான இரும்புத் தாம்பாளத்தால் மூடி, அடியில் சிறு தீயை இருபது நிமிடம் எரியவிடுகிறேன். பிறகு மூடியைத் திறந்து மொசரெல்லாவையும் வெண்ணெயில் புரட்டிய ரஸ்க் தூளையும் தூவி, மறுபடி மூடி, தாம்பாளத்தின் மேல் தணலைப் பரப்ப வேண்டும். தணல் நடுவில் குவிந்தால் நடுப்பகுதி கருகி ஓரம் வெளுத்துக் கிடக்கும் என்பதால், ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் வைக்க வேண்டும். அந்த மாதத்தில் வாடைக்காற்று விடாமல் வீசும். கொல்லையில் அடுப்பு வைத்தால் வடக்குப் பக்கம் ஒரு தகரம் சாத்தாவிட்டால் தணல் ஒரு பக்கமாகக் கனன்றுவிடும். பத்து நிமிடத்தில் சீஸ் கொதித்துக் குமிழியிடும் ஓசை கேட்கும். அந்த ஓசை மெல்ல அடங்கி, ரஸ்க் வறுபடும் மணம் எழும்போது தணலைத் தள்ளிவிட வேண்டும்.

மின் அடுப்பு உள்ளவர்கள் 180 டிகிரி சூட்டில் இருபத்தைந்து நிமிடம் மூடியும், பதினைந்து நிமிடம் திறந்தும் வைத்தால் போதும்.

இறக்கியவுடன் கரண்டி போடுவதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை. அப்போது பால் இளகி ஓடும். இருபது நிமிடம் ஆறவிட்டால் கிழங்கின் மாவு இறுகி, கத்தியால் வெட்டினால் அடுக்கடுக்காக எழுந்து நிற்கும். நள்ளிரவுப் பூசைக்குப் போக வேண்டியிருப்பதால், 24ஆம் தேதி மாலையே கிழங்கைப் பாலில் வேகவைத்து அடுக்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். மறுநாள் காலை வெளியே எடுத்துக் குளிர் விட்டதும் சுட்டால் நண்பகல் பந்திக்குச் சரியாக இருக்கும்.

பிரியாணி சமைக்கும் ஆண்டில் இதைச் செய்வதில்லை. மாவின் மேல் மாவாக வயிற்றை அடைக்கும். மிளகு தூக்கலான நண்டுக்கும் மொறுமொறுப்பாக வறுத்த பாறை மீனுக்கும் பக்கத்தில் ஒரு துண்டு வைத்தால், அந்தக் காரத்தை இது தணிக்கும், இதன் கொழுப்பை அந்தக் காரம் தணிக்கும். பல் இல்லாத அம்மாச்சிக்கு நடுப்பகுதியிலிருந்து மெத்தென்ற துண்டை எடுத்து வைப்பேன். அவரோ, நாலு மூலையிலும் ஒட்டிய காந்தலைக் கரண்டியால் சுரண்டிக் கொண்டுவரச் சொல்லி, அதை வாயில் ஊறவைத்துத் தின்பார்.

மீதியை ஆறியவுடன் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். 26ஆம் தேதி காலை அது கல்லாக இறுகியிருக்கும். சதுரத் துண்டுகளாக வெட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், வெட்டிய முகம் கீழே படும்படி வைத்தால், உள்ளிருக்கும் சீஸே உருகிக் கல்லில் படிந்து புதிதாக ஒரு முறுகல் உண்டாக்கும். திருப்பிப் போட அவசரப்படாமல், துண்டு தானாகக் கல்லைவிட்டு விலகும்வரை காத்திருக்க வேண்டும்.