மூன்று விருப்பப் பாடம், ஒரே ஒரு விஷயம்

மதிப்பெண் வந்துவிட்டது. எழுத்திலும் இதழியலிலும் முதல் தரம், மேடைப்பேச்சில் ஒரு படி கீழே. 'குரலில் ஏற்ற இறக்கம் போதாது' என்று ஒற்றை வரிக் குறிப்பு. என் குரலே அப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்றையும் ஒரே ஆண்டில் எடுத்தால் வேலை மூன்று மடங்காகும் என்று பயமுறுத்துவார்கள். ஆகாது. ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு அதையே மூன்று வகுப்புக்கும் கொண்டுபோங்கள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான்.

நான் பிடித்தது, பள்ளி நூலகத்தை மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே மூட எடுத்த முடிவு. சின்ன விஷயம். ஆனால் பேட்டி எடுக்க ஆட்கள் இருந்தார்கள், எண்ணிப் பார்க்க வருகைப் பதிவேடு இருந்தது, மூடுபவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. இப்படி ஆள், எண், எதிர்த்தரப்பு மூன்றும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிற விஷயமாகத் தேடுங்கள். 'சமூக ஊடகத்தின் தீமைகள்' என்று எடுத்தால் யாரைப் போய்ப் பார்ப்பீர்கள்?

தகவல் திரட்டுவது ஒரே தடவைதான். அப்புறம்தான் வேடிக்கை. அதே தகவலை ஒவ்வொரு வகுப்பும் வேறு வேறு வரிசையில் கேட்கும்.

செய்தியில் முடிவு முதலில் வர வேண்டும். 'பள்ளி நூலகம் அடுத்த பருவம் முதல் ஒரு மணி நேரம் முன்னதாக மூடப்படும் என்று நிர்வாகம் அறிவித்துள்ளது.' யார், என்ன, எப்போது எல்லாம் முதல் பத்தியிலேயே தீர்ந்துவிடும். ஏன், எப்படி என்பவை அடுத்தடுத்து. முக்கியமானது மேலே, மற்றவை கீழே என்கிற இந்தத் தலைகீழ்ப் பிரமிடு பற்றி எல்லாருக்கும் தெரியும், ஆனால் எழுதிய பிறகு யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. கடைசிப் பத்தியைக் கையால் மறையுங்கள். செய்தி நிற்கிறதா? அதற்கு முந்தையதையும் மறையுங்கள். எங்கே மறைத்தால் அர்த்தம் கெடுகிறதோ, அந்தப் பத்தி மேலே போக வேண்டியது.

எழுத்து வகுப்பில் அதே அறிவிப்பு என் கட்டுரையின் கடைசிக்குச் சற்று முன்னால்தான் வந்தது. அதுவரை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகிற நேரத்தில் பாதிக் கணக்கோடு எழுந்துபோகிற ஒரு மாணவியைப் பற்றித்தான் எழுதினேன். அந்தக் காட்சியை அப்படியே செய்தியின் முதல் வரியாக வைத்தால் சிவப்பு மை நிச்சயம். என் வகுப்பில் பாதிப் பேருக்கு விழுந்தது.

பேச்சு மூன்றாவது ரகம். கேட்பவரால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. அதனால் முக்கியமானதைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் ஆக வேண்டும், கட்டுரையில் அதுவே குற்றம். இணங்கவைக்கும் பேச்சுக்கு மன்றோவின் ஐந்து படிகளையே பிடித்துக்கொண்டேன்: கவனம், தேவை, தீர்வு, கற்பனைக் காட்சி, செயல். பர்டூ பல்கலைக்கழகத்தின் ஆலன் மன்றோ 1930-களில் வகுத்தது, விற்பனைப் பேச்சிலிருந்து தேர்தல் பேச்சு வரை இன்றும் செல்லும். செய்தி எழுதிப் பழகியவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். தீர்வை முதல் நிமிடத்திலேயே போட்டு உடைத்துவிட்டு, மீதி நேரம் என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்பார்கள். தேவை உறைக்கிற வரை தீர்வை வாயிலிருந்து விடாதீர்கள்.

பேட்டிக்குப் போகும்போது:

- 'பெயர் போடாதே' என்கிற ஒப்பந்தம் பேசுவதற்கு முன்பே நடக்க வேண்டும். சொல்லி முடித்த பிறகு கேட்டால் நீங்கள் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் சக மாணவர் என்றால் விட்டுக்கொடுங்கள்.
- செய்திக்காகப் பேசியவரை மேடையில் பெயர் சொல்லி இழுக்கப்போகிறீர்கள் என்றால் மறுபடி கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.
- 'கூறினார்', 'தெரிவித்தார்' போதும். 'ஒப்புக்கொண்டார்' என்றால் குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள்.
- 40 சதவீதம் 50 சதவீதமானால் உயர்வு 10 சதவீதப் புள்ளிகள், ஆனால் 25 சதவீத வளர்ச்சி. இந்தக் கேள்வி தேர்வில் வந்தது.
- பெயரின் எழுத்துகளை அவர்களிடமே காட்டிச் சரிபாருங்கள்.

எழுத்துத்தேர்வில் ஈத்தோஸ் (பேசுபவர் மேல் நம்பிக்கை), பாத்தோஸ் (கேட்பவரின் உணர்ச்சி), லோகோஸ் (தர்க்கம்) என்கிற இணங்கவைக்கும் மூன்று வழிகள் பற்றி வரும். அரிஸ்டாட்டிலின் வரையறையை உருப்போடுவதைவிட உங்கள் பேச்சிலிருந்தே மூன்றுக்கும் ஆளுக்கொரு வரி எடுத்து எழுதுங்கள். அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

பேச்சின் நீளம் பற்றி ஒன்று. நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்கிற கணக்கு ஆங்கிலத்துக்கு உரியது. தமிழில் அதை நம்பி எழுதினால் நேரம் தாண்டிவிடும், நம் சொற்கள் நீளம். கடிகாரத்தை வைத்து, நின்றுகொண்டு, சத்தமாகப் பேசிப் பாருங்கள். மனப்பாடம் வேண்டாம். முதல் இரண்டு வரியும் கடைசி இரண்டு வரியும் மட்டும் அச்சுப் பிசகாமல் தெரிந்தால் போதும், நடுவில் அட்டைக்கு ஒரு குறிப்பு. கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இதுதான் ஒத்துவந்தது. சரளமாகப் பேசுகிறவர்கள் சிரிக்கலாம். குரல் ஏற்ற இறக்கத்துக்கு என்னிடம் யோசனை இல்லை, அதை முதல் தரம் வாங்கினவர்களைக் கேளுங்கள்.

ஒரே விஷயத்தை எடுப்பதற்கு முன் மூன்று ஆசிரியர்களிடமும் சொல்லிவிடுங்கள். ஒரு வகுப்பில் கொடுத்த பத்தியை இன்னொன்றில் ஒட்டினால், உங்கள் சொந்த எழுத்தாகவே இருந்தாலும் நகல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பொதுவாக இருக்கலாம் என்பது பேட்டிக் குறிப்பும் பதிவேட்டு எண்களும் மட்டும். வாக்கியங்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுத வேண்டும். வரைவுகளைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள், சந்தேகம் எழுந்தால் காட்டலாம். மூவரில் ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மல்லுக்கு நிற்க வேண்டாம், அந்த வகுப்புக்கு மட்டும் வேறு விஷயம் எடுங்கள். இரண்டு வகுப்புக்கு ஒன்று என்றாலும் லாபம்தான்.