பின் டம்ளர் பூட்டக் கழட்டி மாட்டுறது

பூட்டக் கழட்டி மாட்டுறதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. பிளக்குக்குள்ள, அதாவது சாவியோட சேந்து திரும்புற உருளைக்குள்ள, சாவிய சொருகி வச்சுட்டு கீ பின் (சாவி வெட்டு மேல உக்கார்ற குட்டிக் கம்பி) ஒவ்வொண்ணா துளையில போடுறோம்ல, அப்ப எல்லாத் தலையும் பிளக்கோட மேல்மட்டத்துக்கு சரியா வந்து நிக்கும், அதப் பாக்கத்தான் இவ்வளவு வேலையும். ஒண்ணு துளி தூக்கி இருந்தாலும் நகத்த வச்சுத் தடவினா தட்டும். அந்த மட்டம்தான் ஷியர் லைன், பிளக்குக்கும் அதச் சுத்தி இருக்கிற வெளிக்கூடான ஷெல்லுக்கும் நடுவுல உள்ள எல்லை. சாவியில வெட்டு ஆழமா இருக்கிற இடத்துக்கு நீளமான பின், மேலாப்புல இருந்தா குட்டைப் பின், அதனால ரெண்டு பின் இடம் மாறினாக்கூட சாவி திரும்பாது.

கீ பின்னுக்கு மேல டிரைவர் பின், அதுக்கும் மேல ஸ்பிரிங். சாவி இல்லாதப்ப டிரைவர் பின் பாதி ஷெல்லுலயும் பாதி பிளக்குலயுமா குறுக்க நிக்கும், பிளக் அசையாது, மொத்தப் பாதுகாப்பும் இவ்ளோதாங்க. லைனஸ் யேல் ஜூனியர் 1861ல பேடன்ட் வாங்கின விஷயம், இன்னமும் எத்தனையோ கதவுல அதே அடிப்படைதான் ஓடுது.

கழட்டும்போது பின்னாடி இருக்கிற கிளிப்ப எடுத்துட்டு, சாவியப் போட்டு கொஞ்சம் திருப்பிக்கிட்டுத்தான் பிளக்கத் தள்ளணும். நேரா தள்ளினா பிளக்கோட ஒரு துளை அடுத்த டிரைவர் பின்னுக்கு நேரா வரும், உடனே ஸ்பிரிங் அத உள்ள இறக்கிடும், பிளக் அங்கயே மாட்டிக்கும். ஃபாலோயர்னு பிளக்கோட அதே விட்டத்துல ஒரு உருளை, அது பிளக்க ஒட்டியே பின்னாடி வரணும், நடுவுல இடைவெளி விட்டா ஸ்பிரிங் எங்க பறக்கும்னு சொல்ல முடியாது.

திரும்ப மாட்டும்போது ஷெல்லக் கவுத்துப் புடிச்சு, ஸ்பிரிங், அதுமேல டிரைவர் பின், ட்வீசரால அமுக்கி ஃபாலோயர அதுமேல தள்ளி, அப்புறம் அடுத்த துளை. அவசரப்பட்டா நடக்காது. பழைய பின்ன எடுத்த வரிசையிலயே ஒரு தட்டுல வச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

சில பூட்டுல டிரைவர் பின் நடுவுல இடுப்பு ஒடுங்கி இருக்கும், ஸ்பூல் பின்னும்பாங்க, கம்பி விட்டு நெம்புறவங்கள பாதித் திருப்புலயே மாட்ட வைக்கத்தான் அது. முதல்ல சாதா பின் இருக்கிறதுல பழகிட்டு இதுக்கு வாங்க. அப்புறம் வேற சாவி ஒண்ண அதே பிளக்குல போட்டு, அதோட வெட்டுக்கு ஏத்த மாதிரி கீ பின்ன மட்டும் மாத்திப் பாருங்க, பழைய சாவி திறக்காது, புதுசு வழுக்கிட்டுத் திரும்பும்.