கேஸ் மருந்துக்கும் ஆறு மணி நேர இடைவெளி

"மிச்சம் எத்தனை மாத்திரைங்கண்ணா இருக்கு?"

2006-லிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகர் வேலை. டப்பாவை வாங்கி, மேஜையில் கொட்டி, எண்ணி, கணக்கு சரியாக வந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். இடையில் நான்கு மாத்திரை கூடுதலாக மிஞ்சியிருந்தால் போச்சு, அரை மணி நேரம் பேசுவேன்.

தாம்பரம் சானடோரியத்தில் 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கி, பிறகுதான் மாவட்டங்களுக்கு வந்தது. லாரித் தொழில் நிறைந்த ஊர் எங்களுடையது. கூட்டத்துக்குக் குறைவே இல்லை. அன்றைய விதிப்படி சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்கள் 200-க்குக் கீழே போனால்தான் மருந்து. ஆகவே வந்தவர்களில் பாதிப் பேர் தூக்கி வரப்பட்டவர்கள். நான் கொடுத்த ஆலோசனைகளை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பிள்ளைகளை யாரிடம் விடுவது, வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது, இதுதான் பேச்சு. அறுபது வயதில் கொலஸ்ட்ரால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தால் சிரித்திருப்போம், அவரும் சேர்ந்து.

அந்த வருடம் வந்தவர்தான் டிரைவர் அண்ணன். எடை 39 கிலோ. ஸ்டாவுடின் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு ஆரம்பித்தார். எழுந்து நடந்தார், மறுபடி வண்டி ஏறினார். சில வருடங்களில் கன்னம் ஒட்டி, கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னுக்கு வந்தது. ஸ்டாவுடினின் வேலை அது. உடம்பின் கொழுப்பை இருக்கவேண்டிய இடத்திலிருந்து எடுத்துவிடும். "ஊருக்குள்ள மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருவாங்க அம்மிணி" என்பார். அந்த மருந்தை அரசு நிறுத்தியதும் டெனோஃபோவிருக்கு மாறினார். கடைசியாக டொலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு பார்த்தால் 'கண்டறிய முடியவில்லை' என்று வரும். எடை 71 கிலோ. எங்கள் மையத்தில் எடை ஏறுவது திருவிழா மாதிரி. எடை மெஷினில் நின்று எண்ணைப் பார்த்ததும் நர்ஸம்மா கை தட்டுவார். 71 கிலோவுக்கும் தட்டினார். பீடிக் கட்டு சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்ததை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2022-இல் ஒரு நாள் மாத்திரை வாங்க வந்தவர், "நெஞ்சு கரிக்குதுங்க. மேடு ஏறுனா புடிக்குது, ஏப்பம் வந்தா சரியாயிருது. ஜெலுசில் குடிச்சுக்கறேன்" என்றார்.

நான் உடனே சுறுசுறுப்பானேன். அந்த வெள்ளை சிரப்பில் மெக்னீசியமும் அலுமினியமும் இருக்கிறது. டொலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. அதனால் மாத்திரையை சிரப்புக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும், இல்லையென்றால் சிரப் குடித்து ஆறு மணி நேரம் கழித்து. ஒரு தாளில் கடிகாரம் வரைந்து அவருக்குப் புரியவைத்தேன். அவர் தாளை மடித்து பீடிக் கட்டோடு வைத்துக்கொண்டார். நல்ல ஆலோசகர் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மேடு ஏறும்போது ஏன் பிடிக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. நான்காம் நாள் மாரடைப்பு.

வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததே அடுத்த ஐந்தாவது நாள்தான். அவர் மனைவி போனில் கிசுகிசுத்தார். "மேடம், அந்த மாத்திரைய அஞ்சு நாளா குடுக்கலீங்க. அவுங்க தம்பி பக்கத்துலயே உக்காந்திருக்காரு. டாக்டருக்குத் தெரிஞ்சா ஸ்டண்டே வெச்சிருக்க மாட்டாங்களோன்னு பயம்."

எச்.ஐ.வி. சட்டம் அப்படி மறுக்கக்கூடாது என்கிறது. 2017-இல் நிறைவேறியது, அடுத்த வருடம் அமலுக்கு வந்தது. அதைச் சொன்னேன். ஆனால் உண்மையைச் சொன்ன குற்றத்துக்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரிப் படியாக ஏறி இறங்கிய ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தை எந்த முகத்தோடு அபத்தம் என்பது? கடைசியில் அண்ணன் அனுமதியோடு அங்கிருந்த டாக்டரிடம் பேசினேன். அவர் நல்ல மனிதர், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. முதல் மருந்து பலிக்காமல் இரண்டாம் நிலை மருந்தில் ரிட்டோனாவிர் எடுப்பவருக்கு, அது தெரியாமல் டாக்டர் சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை எழுதினால் தசை சிதையும், சிறுநீரகம் மாட்டும்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வைரஸ் அடங்கிவிட்டாலும் இது முழுக்கப் போவதில்லை. தொற்று வந்த ஆரம்பத்திலேயே குடல் சுவரில் இருக்கும் எதிர்ப்பு அணுக்களை வைரஸ் அழித்துவிடுகிறது. அந்த ஓட்டை வழியாகக் கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கின்றன. உடம்பு எப்போதும் ஒரு சின்ன சண்டையிலேயே இருக்க, ரத்தக்குழாய்ச் சுவர் புண்பட்டு அங்கே கொழுப்பு படிகிறது. பழைய மருந்துகளின் பங்கும் பீடியின் பங்கும் தனி.

இதை அண்ணனிடம் சொன்னபோது, "லாரி நின்னுட்டிருந்தாலும் இன்ஜின் ஓடிட்டே இருக்கற மாதிரிங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எல்லோருக்கும் இதையே சொல்கிறேன். காப்புரிமை அவருடையது.

என்னைக் குடைந்தது ஸ்மார்ட் என்ற ஆய்வு. 5,472 பேர். சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் பக்கவிளைவு குறையும், இதயத்துக்கும் நல்லது என்று நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. நிறுத்தியவர்களுக்குத்தான் இதயக் கோளாறும் சாவும் அதிகம். முடிவு வெளிவந்தது நான் வேலைக்குச் சேர்ந்த அதே 2006-இல். நான் படித்தது பதினாறு வருடம் கழித்து, தலையணைக்கடியில் ஐந்து நாள் மாத்திரை கிடந்த பிறகு.

2023-இல் ரிப்ரீவ் ஆய்வும் வந்தது. இந்தியா உட்பட 12 நாடுகள், 40 முதல் 75 வயதுவரை 7,769 பேர். இதய ஆபத்தைக் கணிக்கும் வழக்கமான அட்டவணையில் போட்டுப் பார்த்தால் 'பெரிய ஆபத்தில்லை' என்று வரக்கூடியவர்கள். தினம் ஒரு பிட்டாவாஸ்டாட்டின், அதுவும் கொழுப்பு மாத்திரைதான், எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி முடிவைச் சொன்னார்கள். எங்கள் மேஜைக்கு அந்த மாத்திரை வரவில்லை. டாக்டரைப் பிடித்து, கொழுப்பு பார்த்து, அட்டோர்வாஸ்டாட்டின் எழுதி வாங்குவதே ஒவ்வொரு தடவையும் ஒரு காரியம்.

என் மேஜையில் இப்போது ஒரு தையல்கார டேப் இருக்கிறது. இடுப்பை அளப்பேன். பெண்கள் சிரிப்பார்கள், "ஜாக்கெட் தெக்கப் போறீங்களா மேடம்?" பி.பி. பார்க்க அனுப்புகிறேன். நெஞ்சு கரிக்கிறது என்று யார் சொன்னாலும் ஈ.சி.ஜி. எடுக்காமல் விடுவதில்லை. கூட்டமான நாட்களில் பீடியைப் பற்றிக் கேட்க மறந்துபோகிறேன், அதையும் சொல்லவேண்டும்.

போன மாதம் அண்ணன் வந்தார். லாரியை விட்டுவிட்டார். பீடியையும் விட்டாச்சு என்கிறார், நம்பிக்கொள்கிறேன். பதினாறு வருடம் அந்த மாத்திரை டப்பா அரிசி மூட்டைக்குள்ளும் கேபின் சீட்டுக்கடியிலும் ஒளிந்து கிடந்தது. இப்போது இதய மாத்திரைகளோடு சேர்ந்து டி.வி. மேலேயே இருக்கிறதாம். மாரடைப்பை ஊருக்குள் வெளியே சொல்லலாம், தலைக்கு ரெண்டு ஆப்பிளோடு பார்க்க வருவார்கள்.

"தங்கச்சி மவன் கேட்டானுங்க, 'மாமா, அந்தப் பெரிய மாத்திரை எதுக்கு?'ன்னு."

"என்ன சொன்னீங்கண்ணா?"

"இதயத்துக்குத்தான் மாப்ள, அதுதான் மெயினுன்னு சொல்லிட்டேன். தப்புங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டு டப்பாவை வாங்கி எண்ண ஆரம்பித்தேன்.