ஜூன் விடுமுறையில் தெற்குத் தீவு: பனிச்சாலையில் பிக்கப் ஓட்டப் போகிறவர்களுக்கு

இங்கே சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை தொடங்கும்போது நியூசிலாந்தின் தெற்குத் தீவில் குளிர்காலம் தொடங்குகிறது. சாங்கியிலிருந்து நேரே கிரைஸ்ட்சர்ச் போய், அங்கே ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குவீன்ஸ்டவுன், வானாகா, மில்ஃபோர்ட் என்று சுற்றுவது நமக்குப் பழகிய பயணம். அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். நம் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்பும் வேண்டாம். பெட்டிகளைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம், மலைக்கும் தாங்கும் என்று சிலர் இரட்டைக் கேபின் பிக்கப்பைக் கேட்டு எடுக்கிறார்கள். அங்கே அதை ‘யூட்’ என்பார்கள். ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன், டி-மேக்ஸ் என எல்லாம் இங்கே கட்டுமான ஒப்பந்தக்காரர்களிடம் பார்க்கும் வண்டிகள்தான்.

நல்ல தேர்வுதான். ஆனால் நம் தீவின் உச்சியான புக்கிட் தீமா 163 மீட்டர். குவீன்ஸ்டவுனிலிருந்து வானாகா போகும் கிரவுன் ரேஞ்ச் சாலையின் உச்சி 1,076 மீட்டர். ‘நாலு வீலும் இழுக்கும், பயமில்லை’ என்று ஏறுகிறவருக்கு ஏற்றத்தில் ஒரு தொல்லையும் இருக்காது. இறக்கத்தில்தான் தெரியவரும்.

பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் இழுப்பதற்கு உதவுமே தவிர, நிறுத்துவதற்கு ஒரு மீட்டர்கூடக் குறைத்துத் தராது. கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, உலர்ந்த தாரில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 14 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் அதே வண்டிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் வேண்டும். ஐஸ் என்றால் 100 மீட்டருக்குப் பக்கம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஓடிவிடும் 20 மீட்டரை இதில் சேர்க்கவில்லை. சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் மழை நாளில் விடும் இடைவெளி அங்கே பனியில் எந்த மூலைக்கும் போதாது. முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வர எட்டு முதல் பத்து விநாடி ஆக வேண்டும்.

அடுத்தது, பிக்கப்புக்கே உரிய சிக்கல். எஞ்சின், கியர்பாக்ஸ், கேபின் எல்லாம் முன்பக்கம் இருக்க, பின் அச்சின் மேல் காலி ட்ரே மட்டும்தான். அதிலும் பின்னால் இருப்பது ஒரு டன் சுமைக்காகப் போட்ட கெட்டியான பட்டை வில். சுமை இல்லாதபோது பின் டயர் தரையை லேசாகத்தான் அழுத்தும். 2எச்-இல், அதாவது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில், பனியில் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் பின்பக்கம் பக்கவாட்டில் வந்துவிடும். ஆக்ஸிலரேட்டர் மிதியிலிருந்து சட்டென்று காலை எடுத்தாலும் அதேதான் நடக்கும். வேகத்தைக் குறைக்கும் டீசல் எஞ்சினின் பிடிப்பு முழுவதும் அந்த இரண்டு லேசான டயர்களுக்கு மட்டும் போய் அவற்றைப் பூட்டிவிடுவதுதான் காரணம். இது பலருக்குத் தெரிவதில்லை. ‘நான் பிரேக்கே பிடிக்கவில்லை, வண்டி தானாகத் திரும்பிவிட்டது’ என்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டியிருப்பார்கள். 4எச்-இல், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் நிலையில், அந்த எஞ்சின் பிடிப்பு நாலு டயருக்கும் பிரிந்து போகிறது. இறக்கத்தில் ஃபோர் வீல் செய்யும் பெரிய உபகாரம் இதுதான்.

ஆகவே பின்னால் எடை வேண்டும். அங்கே ஊர்க்காரர்கள் 20 அல்லது 25 கிலோ மணல் மூட்டை நான்கு முதல் ஆறு வரை போடுவார்கள். நாலு பேர் குடும்பமாகப் போகிறவர்களுக்கு விமானத்தில் வந்த பெட்டிகளே 100 கிலோவை எட்டிவிடும். இடம்தான் முக்கியம்: கனமானவை பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னால். ட்ரேயின் கடைசிக் கதவோரம் வைத்தால் நெம்புகோல்போல் வேலைசெய்து முன் சக்கரத்தைத் தூக்கும், ஸ்டியரிங் பிடிப்பு போகும். பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கட்டாத மூட்டை, மோதலில் கேபினுக்குள் வரும். மணல் வாங்கினால் உலர்ந்த மணலாக, ஈரம் புகாத பையில் வாங்குங்கள். சிக்கிக்கொண்டால் டயருக்கு முன்னால் தூவ அதுவே உதவும். ஈர மணல் இரவில் பாறையாகிவிடும். ட்ரேயில் விழுந்த பனியையே எடையாக வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். அது பறந்து பின்னால் வருகிறவர் கண்ணாடியில் விழும், உருகும், மீண்டும் உறையும்.

இப்போது இந்த நிலைகளை மாற்றும் குமிழ். பெரும்பாலான பிக்கப்களில் 2எச், 4எச், 4எல் என்று மூன்று நிலைகள் இருக்கும். 4எச் போட்டதும் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாகப் பூட்டப்படும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதி, அதாவது டிஃபரன்ஷியல், இடையில் கிடையாது. வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். பனியில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்ளும். உலர்ந்த தாரில் வழுக்க முடியாது, முறுக்கு தண்டுகளில் ஏறிக்கொண்டே போகும். ஸ்டியரிங் கனக்கும், மெதுவாகத் திரும்பும்போது வண்டி இடறி இடறிப் போகும், பிறகு 2எச்-க்கு மாறவே மறுக்கும். அப்படி மாட்டினால் நேராகச் சில மீட்டர் பின்னால் எடுங்கள், விட்டுவிடும். பனி, தார், பனி என்று மாறிமாறி வரும் சாலையில் குமிழை மாற்றிக்கொண்டே இருக்கத்தான் வேண்டும், சோம்பல் கூடாது. டிரைட்டனின் சூப்பர் செலக்ட் வகையில் நடுவிலும் டிஃபரன்ஷியல் உண்டு என்பதால் அதில் 4எச்-ஐத் தாரிலும் வைத்திருக்கலாம். எடுக்கும் வண்டி எந்த வகை என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். எந்த வேகத்துக்குள் 4எச் போடலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். எப்படியானாலும் வழுக்கத் தொடங்கிய பிறகு போடாதீர்கள். பனி தொடங்கும் முன்பே, நேரான இடத்தில், காலை மிதியிலிருந்து லேசாகத் தளர்த்திப் போடுங்கள்.

4எல், அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, அதிக வலுவோடு இழுக்கும் நிலை, செங்குத்தான இறக்கத்துக்கும் சிக்கிக்கொண்டால் மெல்ல வெளியேறவும். முழுக்க நிறுத்தி, நியூட்ரலில் வைத்து மாற்ற வேண்டும். பின் சக்கரம் இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் டிஃப் லாக் பொத்தானை நேர்கோட்டில், நடை வேகத்தில் மட்டும் தொடுங்கள். அதைப் போட்டபடி வளைந்தால் வண்டி திரும்பாது, மூக்கு நேரே போகும்.

டயர் பற்றிச் சுருக்கமாக. பக்கவாட்டில் எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது பனி டயர் என்று நம்ப வேண்டாம். மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். அங்கே சட்டம் 1.5 மில்லிமீட்டர் பள்ளம் போதும் என்றாலும் பனிக்கு 4 மில்லிமீட்டராவது வேண்டும். காற்றழுத்தம் ஒவ்வொரு 5, 6 டிகிரி குறைவுக்கும் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். கிரைஸ்ட்சர்ச்சில் 10 டிகிரி மதியத்தில் பார்த்த அழுத்தம், மலையடிவார விடியற்காலையின் மைனஸ் 5-இல் 3 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன் பார்த்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள்.

சங்கிலியில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறோம். டீ அனாவிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகும் 94-ஆம் எண் நெடுஞ்சாலையில் மே முதல் நவம்பர் வரை அறிவிப்புப் பலகை சொல்லும் நாட்களில் சங்கிலி கையில் இல்லாமல் போக முடியாது, ஃபோர் வீலாக இருந்தாலும் சரி. வாடகைக் கடையில் பையை வாங்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். பிரித்து, டயரில் எழுதியிருக்கும் 265/65ஆர்17 போன்ற எண் பையில் இருக்கும் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். அங்கேயே உலர்ந்த தரையில் ஒருமுறை மாட்டிக் கழற்றுங்கள். இங்கே சங்கிலி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில் நண்பரின் பிக்கப்பில் பழகலாம். மைனஸ் 3-இல், இருட்டில், விரல் மரத்த நிலையில் முதல்முறை கற்றுக்கொள்ளும் வேலை இது இல்லை.

எந்தச் சக்கரத்தில்? வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. பல பிக்கப்களில் முன் சக்கரத்துக்குள் இடைவெளி போதாது என்பதால் பின் சக்கரத்தில் மட்டும் மாட்டச் சொல்வார்கள். அப்போது இறக்கத்தில் முன் டயருக்குச் சங்கிலி இல்லை, திருப்பும் பிடிப்பு அதே பழைய பிடிப்புதான் என்பதை மறக்கக் கூடாது.

மாட்டும் இடம்: ஏற்றம் தொடங்கும் முன், சமதளத்தில், சாலையை விட்டு ஒதுங்கி. அங்கே இதற்கென்றே ஒதுக்கிய இடங்கள் உண்டு. சங்கிலியைச் சிக்கெடுத்துத் தரையில் விரியுங்கள். கொக்கியின் கூர்முனை டயரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். முதலில் டயருக்குப் பின்னால் உள்பக்கக் கொக்கி, பிறகு மேலே இழுத்துப் பரப்பி வெளிப்பக்கக் கொக்கி, கடைசியில் இழுத்து இறுக்குவது. 50 முதல் 100 மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். இந்த இரண்டாவது இறுக்கத்தை விட்டுவிடுவதால்தான் சங்கிலி அறுகிறது. அறுந்த முனை ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் குழாயையும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் கம்பியையும் அடிக்கும். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. பனி முடிந்து தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். ரப்பர் பூசிய கையுறை, தலையில் மாட்டும் விளக்கு, முழங்காலுக்கு ஒரு பழைய பாய் மூன்றும் கேபினுக்குள் இருக்கட்டும், பெட்டிகளுக்கு அடியில் வேண்டாம்.

ஓட்டும்போது மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்யாதீர்கள். பிரேக் பிடிப்பது நேர்கோட்டில், வளைவுக்கு வெகு முன்னால். வளைவில் வெறும் ஸ்டியரிங். நிமிர்ந்த பிறகு மெல்ல மிதி. ஏபிஎஸ் வேலைசெய்யும்போது பிரேக் மிதி காலடியில் அதிரும். பயந்து காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருங்கள். திருப்பியும் மூக்கு நேரே போனால் ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைச் சற்று நேராக்கினால் முன் டயருக்குப் பிடி திரும்பும். இன்னும் ஒடித்தால் இன்னும் வழுக்கும். பின்பக்கம் வந்தால் பிரேக்கைத் தொடாமல், போக வேண்டிய திசையைப் பார்த்து அங்கே திருப்புங்கள். குரூஸ் கன்ட்ரோல் கூடவே கூடாது. இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள்.

வெள்ளைப் பனி கண்ணுக்குத் தெரியும். தார் நிறத்திலேயே படியும் கறுப்பு ஐஸ் தெரியாது. பாலத்தின் மேலும், வெயில் படாத மலைச்சரிவின் நிழலிலும் அது நண்பகல் வரை கிடக்கும். டயர் சத்தம் திடீரென்று அடங்கி, ஸ்டியரிங் லேசாகிவிட்டால் அதன் மேல் இருக்கிறீர்கள். அப்போது எதையும் செய்யாமல் கடப்பதுதான் சரி. ஜூனில் குவீன்ஸ்டவுன் பக்கம் காலை 8 மணிக்குப் பிறகுதான் விடியும், மாலை 5 மணி அளவில் இருட்டும். மலைக் கணவாய்களைக் காலை 10 முதல் 3 மணிக்குள் கடக்கும்படி திட்டமிடுங்கள்.

சிங்கப்பூரில் யோசிக்கவே தேவையில்லாத சில சில்லறை விஷயங்கள் அங்கே வண்டியை முடக்கிவிடும். சாதாரண டீசலில் இருக்கும் மெழுகு கடுங்குளிரில் திரண்டு ஃபில்டரை அடைக்கும். மலையூர் நிலையங்களில் குளிருக்கென்று தயாரித்த டீசல் கிடைக்கும், ஆகவே சமவெளியில் முழுத் தொட்டி நிரப்பிக்கொண்டு ஏறாமல் அங்கே போய் நிரப்புங்கள். சாவி போட்டதும் டாஷ்போர்டில் எரியும் சுருள் வடிவ விளக்கு அணையும் வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். கண்ணாடி கழுவும் தொட்டியில் வெறும் தண்ணீர் வேண்டாம். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். கூரைப் பனியையும் தள்ளிவிடுங்கள், முதல் பிரேக்கில் அது முன்கண்ணாடியில் சரியும். எல்இடி விளக்குகள் சூடாவதில்லை, அவற்றில் படிந்த பனி உருகாது. கையால் துடைக்க வேண்டும். இரவில் கைப்பிரேக்கின் கம்பி உறைந்து பிடித்துக்கொள்ளலாம். சமதளத்தில் நிறுத்தி, ‘பி’-யில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தையும் வாசியுங்கள். பனிச்சறுக்கு மைதானங்களுக்குப் போகும் தார் போடாத சாலைகளுக்குக் காப்புறுதி செல்லாது என்று அதில் எழுதியிருக்கக்கூடும்.

சிக்கிக்கொண்டால் மிதிக்காதீர்கள். சுழலும் டயர் பனியை உருக்கி ஐஸாக மெருகேற்றும், வண்டி இன்னும் இறங்கும். இறங்கிப் பாருங்கள்: வயிறு பனியில் உட்கார்ந்திருந்தால் சக்கரத்தின் முன் மட்டும் தோண்டிப் பயனில்லை, அடியையும் தோண்ட வேண்டும். பிறகு 4எல், இரண்டாம் கியர், ஸ்டியரிங் நேராக, டயருக்கு முன் மணல். வழுக்கல் கட்டுப்பாட்டுப் பொத்தானை அணைத்துவிட்டு முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டலாம். வேறு வண்டி இழுக்க வந்தால், பட்டையைப் பின்னால் இருக்கும் டிரெய்லர் குண்டில் மாட்ட விடாதீர்கள். அது முறிந்து பீரங்கிக் குண்டாகப் பறந்து ஆளைக் கொன்றிருக்கிறது. சட்டத்தோடு சேர்ந்த இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும், பிள்ளைகள் தூரத்தில் நிற்க வேண்டும். உதவி வரும் வரை உள்ளே காத்திருக்க நேர்ந்தால், ஹீட்டருக்காக எஞ்சினை ஓட்டும் ஒவ்வொரு முறையும் முதலில் வெளியே போய்ப் புகைபோக்கியின் வாயில் பனி அடைக்கவில்லை என்று பாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும், அதற்கு வாசனையே கிடையாது. பத்து நிமிடம் ஓட்டி அணைத்து, காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள்.