சாரல் பக்கத்து ஜன்னல்கள்: இதுவரை செய்தது

செங்கோட்டையில் எங்கள் வீடு தாத்தா கட்டியது. ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலம். 1956 நவம்பரில் ஊர் இந்தப் பக்கம் வந்தது, ஜன்னல்கள் அப்படியே இருந்தன. தேக்கு நிலை, ஆஞ்சிலிக் கதவு, உள்பக்கம் கம்பி. கிழக்கே நான்கு, மேற்கே இரண்டு. கிழக்கே உள்ளவை இன்றைக்கும் ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். மேற்கே உள்ள இரண்டும் ஆனி பிறந்தால் ஊதிப்போய் மூடாது. ஆவணி கழிந்தால் சுருங்கி, கொண்டி நிற்காமல் அடித்துக்கொள்ளும். ஆரியங்காவு கணவாய்க் காற்று சாரலைத் தூக்கிவந்து அந்தச் சுவரில்தான் அறைகிறது. போன ஆடியில் மெத்தை நனைந்தது. அம்மா பழைய சேலையைச் சுருட்டி ஜன்னல் அடியில் வைத்து, காலையில் பிழிந்து பிழிந்து அலுத்துப்போனாள்.

மாசி கடைசியில் புளியரையிலிருந்து ஆசாரி அண்ணன் வந்து பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கதவின் கீழ்ச்சட்டத்தில் குத்தினார். மேலே எல்லாம் ‘டக்’கென்று நின்றது. கீழ் மூலையில், சட்டங்கள் சேரும் இடத்தில், அரை அங்குலம் உள்ளே போனது.

“மரத்துல குத்தமில்ல தம்பி. தண்ணி நிக்க எடம் குடுத்திருக்கீங்க.”

ரசமட்டத்தை ஜன்னல் திண்டில் வைத்தார். குமிழி வெளிப்பக்கம் ஓடியது. அதாவது வெளிப்பக்கம் மேடு, வாட்டம் வீட்டுக்குள்ளே! என்றைக்கோ பூச்சுவேலை செய்தபோது யாரோ இப்படி இழுத்துவிட்டிருக்கிறார்கள். அதோடு சன்ஷேடின் அடியில் நீரை வெட்டிவிடும் காடியும், அதாவது நீளப் பள்ளமும், இல்லை. விளிம்பில் சொட்ட வேண்டிய நீர், அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டே நடந்து வந்து நிலையின் தலையில் இறங்குகிறது. புது ஜன்னலை எந்தப் பொருளில் வாங்குவது என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

முதலில் கொத்தனார் வேலை. திண்டைக் கொத்தி வெளிப்பக்கம் வாட்டம் வைத்துப் பூசினோம். சன்ஷேடின் அடியில், விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே, நீளவாக்கில் ஒரு காடி வெட்டினோம். அதில் பட்ட நீர் அதற்கு மேல் சுவரைப் பார்க்கப் போகாது.

அப்புறம் ஜன்னல். தென்காசியில் ஒரு கடைக்காரர் அலுமினியம் ஸ்லைடிங்தான் இப்போது எல்லாரும் போடுகிறார்கள் என்றார். ஸ்லைடிங்கில் கதவு ஓட வேண்டும், அதனால் இறுக்கி மூட முடியாது. ஓரத்தில் பஞ்சுப்பட்டைதான் காப்பு. நேர்க்காற்று அடிக்கும் சுவருக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால், மூடியிருக்கும்போது காற்றே அதை நிலையோரத்து ரப்பர் பட்டையின் மேல் அழுத்திப் பிடிக்கும். நம் பழைய மரக்கதவுகளும் வெளிப்பக்கம் திறப்பவைதானே. சரி, ஒன்றை யூபிவிசி என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் வெளியே திறக்கும்படி மாற்றுவது, இன்னொன்றை மரத்திலேயே சரிசெய்வது, ஒரே சுவரில் இரண்டையும் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வீட்டில் இதற்குப் பெயர் கிறுக்கு.

அளவு எடுப்பதில் நான் அவசரப்படவில்லை. பழைய நிலையைப் பெயர்த்தபின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்தேன்: 1214, 1209, 1221 மில்லிமீட்டர். பழைய சுவர் அப்படித்தான். சிறியதை எடுத்து, பக்கத்துக்கு 5 வீதம் 10 கழித்து 1199 என்று கொடுத்தேன். உயரமும் அதே மாதிரி. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்துக்கொண்டேன். அந்த இடைவெளி வீண் இல்லை. ஒரு மீட்டர் யூபிவிசி சட்டம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். இறுக்கிச் செருகினால் சட்டம் வளையும், கதவு உரசும். வாங்கும்போது சட்டத்தின் உள்ளே துத்தநாகம் பூசிய இரும்பு இருக்கிறதா என்று வெட்டிய துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

பொருத்தியது சித்திரையில். பொருத்த வந்தவர்கள் இரண்டு வேலையைக் கெடுத்தார்கள். ஒன்று, சட்டத்தின் மேல் இருந்த பாதுகாப்பு ஸ்டிக்கரை உரிக்காமல் போய்விட்டார்கள். நானும் கீறல் விழாமல் இருக்கட்டும் என்று விட்டேன். கத்திரி வெயிலில் பசை வெந்து, பிறகு உரித்தால் நகம் அளவுக்குத் துண்டு துண்டாக வருகிறது. தின்னர் போட்டால் பிளாஸ்டிக்கின் பளபளப்பே போய்விடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான் வழி.

இரண்டாவது தவறு முதல் சாரலில்தான் தெரிந்தது. உள்ளே சட்டத்தின் பள்ளத்தில் தண்ணீர் ஏறி நின்றது. இந்த ஜன்னல்களில் சாரல் கொஞ்சம் உள்ளே வருவது கணக்கில் உள்ளதுதான். பள்ளத்தில் சேர்ந்து, அடிச்சட்டத்தின் வெளிமுகத்தில் உள்ள சிறு வாய்கள் வழியே போய்விட வேண்டும். அந்த வாய்களின் மேலேயே சிலிக்கோனை இழுத்துவிட்டிருந்தார்கள். பிளேடால் அறுத்து, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி உள்ளே விட்டேன். கடகடவென்று வடிந்தது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீரைப் பள்ளத்தில் ஊற்றி, வெளியே வருகிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வராவிட்டால் ஈர்க்கு.

ரப்பர் சரியாக அழுந்துகிறதா என்று பார்க்கக் காகிதம் போதும். நாள்காட்டித் தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தேன். மூன்று பக்கமும் பிடித்தது, கீல் இல்லாத பக்கத்தின் அடியில் மட்டும் வழுக்கி வந்தது. கதவை இறுக்கிப் பிடிக்கும் பூட்டுக் குமிழை ஆலன் சாவியால் (ஆறுமுகச் சாவி) அரைச் சுற்றுத் திருப்பியதும் அங்கேயும் பிடித்துக்கொண்டது. ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், புழுதியைத்தான் சேர்க்கும். சிலிக்கோன் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடைத்தால் போதும்.

மர ஜன்னலுக்குப் புனலூரிலிருந்து ஆஞ்சிலி வாங்கி, உளுத்த கீழ்ச்சட்டத்தை மட்டும் மாற்றினார் அண்ணன். உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் மூன்று கை பூசினேன். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் கொடியில் காயவிட்ட பிறகுதான் குப்பைக்கு.

இந்த ஆடி முடிந்த நிலவரம்: யூபிவிசியில் சொட்டு இல்லை. மர ஜன்னலிலும் கிட்டத்தட்ட இல்லை, இடது கீழ்மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதாவது, போன வருடம் மெத்தையை நனைத்ததில் பெரும்பங்கு அந்தத் திண்டுதான். மரக்கதவு இப்போது லேசாக ஊதி உரசுகிறது. சீவச் சொல்லி அம்மா நச்சரிக்கிறாள். ஈரத்தில் சீவினால் வெயில் காலத்தில் சந்து விழும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். புரட்டாசி வெயிலில் காய்ந்த பிறகுதான் இழைப்புளியை எடுக்க வேண்டும்.